அம்மா தேய்ச்ச கருப்பு

மொதல்லயே சொல்லிடறேன், எனக்கு நகையப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. காதுல இருக்கற கம்மல் கூட அம்மா கழட்ட விடாததாலதான் கிடக்குது. அப்பேர்ப்பட்ட நான் ஒரு நகை செய்யறவங்களோட ஒரே வீட்ல குப்ப கொட்டினேன்னா, அதுக்கு ஒரே காரணம் கலிஃபோர்னியா பே ஏரியா வாடகை. டாட்காம் ஆட்டம் உச்சத்துல இருந்த டைம். குபெர்டினோல ஒரு ரூம் காலின்னு விளம்பரம் வந்தா, நாம போறதுக்குள்ள அங்க ஒரு கல்யாணக் கூட்டமே நிக்கும். நான் ஒரு ஸ்டார்ட்டப்ல டெஸ்டிங். அடுத்தவன் எழுதின கோட்ல தப்பு கண்டுபிடிக்கற வேலை. பொறந்ததுலேர்ந்து பண்றதுதான், இப்பதான் அதுக்கு சம்பளம் குடுத்தாங்க.

ஆபீஸ்ல ஒருத்தி சொன்னா, ஒரு ஜப்பான் லேடி தனி வீடு எடுத்திருக்காங்க, பின்னாடி பெட்ரூம் காலின்னு. போய்ப் பார்த்தேன். என்னை விட ஒரு பத்து வயசு பெரியவங்களா இருக்கும். குட்டை முடி, அழுக்கு ஏப்ரன், நகத்தையெல்லாம் ஒட்ட வெட்டியிருந்தாங்க. நான் ஜுவல்லரி செய்யறேன்னு நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷ்ல சொன்னாங்க. நான் உடனே, "டுவென்ட்டி டூ கேரட்டா?"ன்னு கேட்டேன். ஈரோட்டுக்காரிகிட்ட வேற என்ன எதிர்பார்ப்பீங்க? அவங்க நேரா கேரேஜ் கதவத் தொறந்து காட்டினாங்க.

கேரேஜ்ல காரே இல்ல. கார் பாவம் வெளிய டிரைவ்வேல மழைல நனைஞ்சுட்டு இருந்துச்சு. உள்ள ஒரு மரக்கட்டை, அது மேல இரும்புப் பட்டறை, சுவர் பூரா விதவிதமா சுத்தியல், ஒரு கேஸ் டார்ச். மேஜைல ஒரு ப்ரோச் இருந்துச்சு. கருப்பா, வளைஞ்சு, ஓரமெல்லாம் சுருங்கி.

"கருகின அப்பளம் மாதிரி இருக்கு"ன்னேன். வாய்ல வர்றத வடிகட்டற பழக்கம் நமக்குக் கிடையாதே.

"அப்பளம்னா என்ன?"ன்னு கேட்டாங்க. ரொம்ப சீரியஸா.

குடி வந்ததும் மொத வேலையா சுட்டுக் காட்டினேன். கரன்ட் அடுப்பு எனக்குப் பழக்கமில்ல, ஒண்ணு நல்லாவே கருகிருச்சு. நல்லதையெல்லாம் விட்டுட்டு அந்தக் கருகினத எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அப்புறம் அது கேரேஜ் ஷெல்ஃப்ல ரொம்ப நாள் ஒரு கலைப்பொருளா இருந்துச்சு. எறும்பு வந்தப்புறம்தான் தூக்கிப் போட்டோம்.

கொஞ்ச நாள்லயே புரிஞ்சுது, இவங்களுக்குக் கருப்புன்னா உசுரு. அதுலயும் பெயிண்ட் அடிக்கற டுபாக்கூர் வேலையெல்லாம் இல்ல. செம்புல துளியூண்டு தங்கத்தச் சேர்த்து உருக்குவாங்க. அந்தக் கலவைக்கு அவங்க ஊர்ல தனிப் பேரே உண்டு, ஷாகுடோ. அதத் தட்டித் தட்டி இலை மாதிரி மெலிசாக்கி, கடைசில ஒரு செப்புப் பாத்திரத்துல பச்சையா ஒரு உப்புத் தண்ணியக் கொதிக்க வெச்சு அதுல முக்குவாங்க. முக்கறதுக்கு முன்னாடி, இதான் ஹைலைட், முள்ளங்கியத் துருவி அது மேல அப்புவாங்க. சத்தியமாங்க, சாம்பார்ல போடறோமே, அதே வெள்ள முள்ளங்கி. ஏன்னு கேட்டேன். கலர் திட்டுத் திட்டா வராம ஒண்ணாப் படியும்னாங்க. பாத்திரத்துக்குள்ள அந்த உலோகம் தானாவே கருக்கும். நாம பண்ணக்கூடியது ஒண்ணே ஒண்ணு, சரியான நேரத்துல வெளிய எடுக்கறது. வெளிய வந்தப்புறம் விரல் படக்கூடாது, கையெண்ணெய் பட்டா கறை.

காலைல சுத்தியல் சத்தம் எனக்குக் கேக்கக்கூடாதுன்னு கட்டைக்கு அடியில டவல மடிச்சு வெச்சுதான் தட்டுவாங்க. நான் எட்டு மணி வரைக்கும் தூங்கற கேஸ். அவங்களா வெச்சதுதான், ஒரு தடவ கூட அதப் பத்திப் பேசினதில்ல.

அந்த வசந்தத்துல அம்மா வந்தாங்க. மொத ஃப்ளைட், மொத விசா. அப்பாவுக்குத் தறிப்பட்டறைய விட்டு வர முடியல, அம்மா மட்டும் ரெண்டு சூட்கேஸும் ஒரு பித்தளைக் குத்துவிளக்குமா வந்து எறங்கினாங்க. நான் காலைல ஆபீஸ் போனா சாயங்காலம்தான் வருவேன். அம்மாவுக்கு டிரைவிங் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது, வீட்ல இருக்கற ஒரே மனுஷி அந்த ஜப்பான்காரங்க. ரெண்டு பேருக்கும் பொதுவா இருந்ததே ஒண்ணுதான், வாசல்லயே செருப்பக் கழட்டிடுவாங்க. அது போதும் போல. ஒரே வாரத்துல அம்மா கேரேஜ்ல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உக்காந்து பூண்டு உரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. இவங்க ஜப்பான் மரியாதைல அம்மா-சான்னு கூப்பிட, அம்மா கண்ணுன்னு கூப்பிட, நான் வீட்டுக்கு வந்தா எனக்கு ரசத்த அந்த ஜப்பான்காரங்கதான் ஊத்திக் குடுப்பாங்க.

ஆனா அம்மாவுக்கு மனசுல ஒரு உறுத்தல்.

"ஏங்கண்ணு, ஊருக்கெல்லாம் நகை செய்யறவ, அவ கழுத்துல ஒரு பொட்டுத் தங்கம் இல்லையே?"

"அவங்க போட மாட்டாங்கம்மா."

"செய்யறதெல்லாமும் கருத்துக் கிடக்குது. பொழுதன்னிக்கும் முள்ளங்கியப் போட்டுத் தேய்க்கறா. முள்ளங்கில எங்க போகும் அந்தக் கருப்பு? இந்த ஊர்ல புளி கிடைக்காதாக்கும், பாவம்."

நான் ஷூவ மாட்டிக்கிட்டே, "அது அவங்க ஸ்டைல்மா"ன்னு சொல்லிட்டு ஓடிட்டேன். 280 ஃப்ரீவேல டிராஃபிக் சேர்றதுக்குள்ள போகணுமே.

அந்த டைம்ல ஜப்பான்காரங்களுக்கு வாழ்வா சாவான்னு ஒரு விஷயம் போயிட்டு இருந்துச்சு. விசா முடியப் போகுது. நீட்டிக்கணும்னா இங்க ஒரு கேலரி இவங்களத் தன்னோட ஆர்ட்டிஸ்ட்டா எடுத்துக்கணும். சான் ஃபிரான்சிஸ்கோல ஒரு கேலரிக்காரம்மா, பெரிய வட்டக் கண்ணாடி போட்டவங்க, இவங்களோட ஒரு நெக்லஸ் போட்டோவப் பார்த்து அசந்து போய் ஒரு ஷோ குடுத்தாங்க. ஷோ நல்லாப் போனா எடுத்துக்கறேன், இல்லைன்னா சாரின்னு நேராவே சொல்லிட்டாங்க. விசாப் பயம்னா என்னன்னு எனக்கு யாரும் கிளாஸ் எடுக்க வேணாம். எங்க ஆபீஸ்ல பாதிப் பேரு அத முதுகுல கட்டிக்கிட்டுத்தான் திரியறோம்.

அந்த நெக்லஸ் இருக்கே. வேப்பிலை சைஸ்ல நெறைய இலைங்க, ஒவ்வொண்ணும் தனியாத் தட்டி, ஒண்ணோட ஒண்ணு கோத்து, கழுத்தச் சுத்தி வர்ற மாதிரி. குளிர்காலம் பூரா அதான் வேலை. கருப்புன்னா சும்மா கருப்பில்ல, கத்திரிக்காய்த் தோல் மாதிரி உள்ளுக்குள்ள ஒரு ஊதா மின்னும். மத்ததெல்லாம் கேலரிக்குப் போயாச்சு. இது மட்டும் கேரேஜ்ல நூல்ல தொங்கிட்டு இருந்துச்சு, சனிக்கிழமை கையோட எடுத்துட்டுப் போகணும்னு.

வியாழக்கிழமை. அவங்க கேலரில சாமானெல்லாம் அடுக்கப் போயிட்டாங்க. நான் ஆபீஸ்ல. எங்க வீட்ல வெள்ளிக்கிழமை விளக்கத் தேய்க்க மாட்டாங்க, வியாழனே தேய்ச்சு வெச்சுடணும். உலகத்துல எந்த மூலைல இருந்தாலும் அம்மாவுக்கு வியாழன்னா வியாழன்தான். புளியக் கரைச்சு, விபூதியப் போட்டு, குத்துவிளக்க மின்ன வெச்சாச்சு. கரைச்ச புளி மிச்சம் இருக்கு. சனிக்கிழமை அந்தப் புள்ளைக்கு விசேஷம். நகையோ அந்தரத்துல கருத்துத் தொங்குது.

மீதிய நீங்களே யூகிச்சிருப்பீங்க.

சாயங்காலம் நான் வந்தப்போ அம்மா வாசல்லயே நின்னாங்க, மூஞ்சி பூரா பெருமை. "வா வா, வந்து பாரு"ன்னு கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. சாமி படத்துக்கு முன்னாடி, வெள்ளத் துண்டு விரிச்சு, அதுல அந்த நெக்லஸ். பொங்கலுக்குத் தேய்ச்ச செப்புக் கொடம் மாதிரி தகதகன்னு மின்னுது. ஒரு பொட்டுக் கருப்பில்ல.

பையக் கூடக் கழட்டாம துண்டு மேல குனிஞ்சு தேடினேன், எங்கயாச்சும் ஊதா மிச்சம் இருக்கான்னு.

"எப்படி? ஒவ்வொரு இலையாப் பிரிச்சுப் பிரிச்சுத் தேய்ச்சேன். இடுப்பே போச்சு போ."

அந்த நேரம் பார்த்து வெளிய கார் சத்தம். நான் வெறுங்கால்ல டிரைவ்வேக்கு ஓடினேன். அவங்க காரை விட்டு எறங்கறதுக்குள்ள கொட்டிட்டேன், "அம்மா, நெக்லஸ், தெரியாம, க்ளீன் பண்ணிட்டாங்க, சாரி, சாரி, சாரி." அவங்க மூஞ்சில ஒண்ணும் மாறல. செருப்பக் கழட்டி, நேரா ஜோடி சேர்த்து வெச்சுட்டு உள்ள போனாங்க.

துண்டுக்கு முன்னாடி முட்டி போட்டு உக்காந்தாங்க. தொடல. பார்த்தாங்க. அம்மா பக்கத்துலயே குனிஞ்சு, "நல்லாயிருக்குதா கண்ணு?"

அவங்க எங்கம்மாவோட கையப் பிடிச்சுத் திருப்பினாங்க. புளித்தண்ணில ஊறி விரலெல்லாம் சுருங்கிக் கிடந்துச்சு. கட்டை விரல்ல ரெண்டு மூணு இடத்துல கீறல், இலை ஓரம் கத்தி மாதிரி இருக்குமே. அதுலயும் புளி ஏறி எரிஞ்சிருக்கும், அம்மா வாயே தொறக்கல.

என்னப் பார்த்து மெதுவா சொன்னாங்க, "பின்பக்கமும் செஞ்சிருக்காங்க. யாருக்கும் தெரியாத பக்கம்."

போய் ஒரு பிளாஸ்திரி கொண்டு வந்து அம்மா கட்டை விரல்ல ஒட்டினாங்க. அழுத்தி, ஓரமெல்லாம் தடவி விட்டு. அப்புறம் நெக்லஸத் துண்டோட எடுத்துக்கிட்டு கேரேஜுக்குள்ள போய்க் கதவச் சாத்திட்டாங்க. சுத்தியல் சத்தம் இல்ல, டார்ச் சத்தம் இல்ல.

அம்மா ஒண்ணும் பேக்கு இல்ல. சாத்தின கதவப் பார்த்தாங்க, என்னப் பார்த்தாங்க.

"ஏதாச்சும் தப்பாப் போச்சா?"

மழுப்பலாம்னு வாயத் தொறந்தேன். முடியல. "அது அழுக்கு இல்லம்மா. அதான் கலர். அதுக்குத்தான் குளிர்காலம் பூரா ஒழைச்சாங்க."

அம்மா அப்படியே கிச்சன் தரைல உக்காந்துட்டாங்க. "ஐயோ சாமி. அந்தப் புள்ள என்னைய ஒரு வார்த்த சொல்லலயே. வஞ்சிருந்தாலும் பரவாயில்லயே கண்ணு." பிளாஸ்திரி ஒட்டின விரல இன்னொரு கையால மூடிக்கிட்டாங்க. அன்னிக்கு அடுப்பு பத்த வெக்கல. நான் கார்ன்ஃப்ளேக்ஸ்ல பால் ஊத்திக் குடுத்தேன், அது அப்படியே ஊறிப் போச்சு.

வெள்ளிக்கிழமை காலைல மேனேஜருக்கு போன் போட்டுக் காய்ச்சல்னு ஒரு ரீல் விட்டேன். கேரேஜ் கதவு தொறந்துதான் இருந்துச்சு. அவங்க சிங்க்கு முன்னாடி நெக்லஸ்ல ஒரு இலையப் பிடிச்சு, அது மேல குழாய்த் தண்ணியச் சன்னமா விட்டுப் பார்த்துட்டு இருந்தாங்க. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் தண்ணி அங்க முத்து முத்தா ஒதுங்கிடும், அந்த எடத்துல கலர் பிடிக்காது. வழக்கமா இந்தப் பிசுக்க எடுக்கவே கரித்தூள் போட்டு ஒரு நாள் பூரா தேய்ப்பாங்க.

தண்ணி ஒதுங்கல. கண்ணாடி மாதிரி ஒரே விரிப்பா படர்ந்துச்சு. அடுத்த இலை, அதுலயும். திருப்பிப் பின்பக்கம் விட்டாங்க. அதுலயும்.

என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. "தேய்க்கற வேலைய அம்மா-சானே முடிச்சுட்டாங்க, இன்னைக்கே முடியும். ஆனா ஒரு தடவைக்குத்தான் அந்தப் பச்சை உப்பு இருக்கு. ஊர்லேர்ந்து வரவழைக்க நாளில்ல."

ஷெல்ஃப்லேர்ந்து அவங்க ஊர்த் துருவியை எடுத்தாங்க. ஃப்ரிட்ஜ்லேர்ந்து ஒரு பெரிய முள்ளங்கி. நேரா கிச்சனுக்கு வந்து, அம்மாவுக்கு முன்னாடி ரெண்டையும் வெச்சுட்டு, தலையக் குனிஞ்சு, "ப்ளீஸ், அம்மா-சான்."

"என்ற கை வேண்டாம் கண்ணு, அவகிட்டச் சொல்லு. நான் தொட்டா வெளங்காது."

நான் சொன்னேன். அவங்க துருவியை அங்கயிருந்து எடுக்கவே இல்ல. நின்னுட்டே இருந்தாங்க. கடைசில அம்மா மூக்க உறிஞ்சிட்டு, பிளாஸ்திரி மேல ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுத்திக்கிட்டு, துருவ ஆரம்பிச்சாங்க. அப்படி ஒரு முள்ளங்கித் துருவல நான் பார்த்ததே இல்ல, சந்தனம் மாதிரி அரைபட்டு வந்துச்சு.

பாத்திரம் கொதிச்சுது. நெக்லஸ முள்ளங்கில முக்கிப் பெரட்டி உள்ள எறக்கினாங்க. மூணு பேரும் தலைய நீட்டிப் பார்த்துட்டு இருந்தோம். செம்பு ஆரஞ்சாச்சு, ஆரஞ்சு பழுப்பாச்சு. அம்மாவுக்கு முறுக்குச் சட்டியப் பார்க்கற மாதிரி பதட்டம்.

"எடு எடு, பதம் வந்துருச்சு! கருகிடும் கண்ணு!"

"நோ, நோ, அம்மா-சான்."

"அம்மா, கருகத்தான் போட்டிருக்காங்க!"

"ஆமா, ஆமா, மறந்துட்டேன்." அப்புறம் என் காதுல, "இதுல தங்கம் வேற இருக்குதுன்னியே. தங்கத்தப் போட்டா கருப்பாக்கறா?"

"தங்கம் இருந்தாத்தாம்மா இந்தக் கருப்பு வருமாம்."

"அதென்னமோ போ."

வெளிய எடுத்தாங்க. கழுவினாங்க. வெளிச்சத்துல பிடிச்சாங்க. நல்ல கருப்பு. ஆனா கத்திரிக்காய் ஊதா இல்ல, டிகாக்‌ஷன் மாதிரி ஒரு பழுப்பு உள்ளேர்ந்து எட்டிப் பார்த்துச்சு, ஓரத்துல லேசா சிவப்பு. உப்பு பழசானதாலயா, புளியாலயா, தெரியல.

"எப்படி இருக்கு?"ன்னு கேட்டேன்.

"வேற."

"மோசமா?"

"வேற." அவ்ளோதான் சொன்னாங்க. கேலரிக்காரம்மா அசந்து போனது அந்த ஊதாவுக்குத்தான்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியும்.

சனிக்கிழமை அம்மா அரக்குக் கலர் பட்டுப் புடவை. நான் டிரைவ் பண்ணினேன். பெட்டிய யாரு வெச்சுக்கறதுன்னு நான் யோசிக்கறதுக்குள்ள, அவங்க பின்சீட் கதவத் தொறந்து அம்மா மடியில வெச்சுட்டாங்க.

"என்கிட்டயா?" அம்மா குரலே மாறிப் போச்சு.

280 பூரா அம்மா மூச்சு விட்டாங்களான்னு எனக்கு டவுட்டு. கண்ணாடில பார்த்தா, பச்சக் குழந்தைய முதல் தடவ வெளிய தூக்கிட்டுப் போறவங்க மாதிரி உக்காந்திருந்தாங்க.

கேலரில எல்லாரும் கருப்பு டிரெஸ், கைல வைன். "இழவு வீடு மாதிரி இருக்குது, எல்லாரும் சிரிக்கறாங்க"ன்னு அம்மா. சுவர்ல ஒரு ஊசில நெக்லஸ மாட்டினதும் அம்மா அது பக்கத்துல போய் நின்னாங்க. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கோத்து இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. சாயங்காலம் பூரா அந்தக் கையப் பிரிக்கவே இல்ல. ஜூஸ் குடுத்தேன், வேண்டாம்னுட்டாங்க. ஒரு நெட்டையான ஆளு குனிஞ்சு விரல நீட்டினான் பாருங்க, அந்த ஹாலே அதிர்ற மாதிரி, "ஏனுங்க! தொடாதீங்க!" அந்தாளு ஸாரி மேடம்னு ரெண்டடி பின்னாடி போனான். தமிழ்ல திட்டினா யாருக்குமே மொழிபெயர்ப்பு தேவைப்படாது போல.

கேலரிக்காரம்மா வந்தாங்க. கண்ணாடிய ஏத்தி விட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. "போட்டோல இருந்தது இது இல்லையே."

நான் ஏதாச்சும் புருடா விடலாமான்னு யோசிக்கறப்பவே, ஜப்பான்காரங்க நேரா சொல்லிட்டாங்க. அழுக்குன்னு நெனச்சு அம்மா-சான் தேய்ச்சுட்டாங்க. நேத்து மறுபடியும் கருப்பாக்கினோம்.

"கருப்பாக்கினது யாரு?"

அவங்க எங்கம்மாவக் காட்டி, "நாங்க ரெண்டு பேரும்"ன்னாங்க.

கேலரிக்காரம்மா அம்மாவோட பிளாஸ்திரியப் பார்த்தாங்க, பின்னாடி கட்டின கையப் பார்த்தாங்க. கை உறை போட்டுக்கிட்டு நெக்லஸத் திருப்பி, பின்பக்கத்தப் பார்த்தாங்க. திரும்ப மாட்டிட்டு வேற யார்கிட்டயோ பேசப் போயிட்டாங்க. அம்மா என்கிட்ட, "என்ன சொல்லுச்சு அந்தம்மா?" "ஒண்ணும் சொல்லலம்மா." "என்னாலதான?" எனக்கே தெரியலயே.

அடுத்த வாரம் போன் வந்துச்சு. எடுத்துக்கறேன், விசாவுக்கு வேண்டியதெல்லாம் தர்றேன்னு. ஏன், எதனாலன்னு அவங்களும் கேக்கல, அந்தம்மாவும் சொல்லல. போன வெச்சுட்டுக் கிச்சனுக்கு வந்து, தோசை ஊத்திட்டு இருந்த அம்மா முதுகுல நெத்திய வெச்சு அப்படியே நின்னாங்க. "என்ன கண்ணு, என்ன கண்ணு"ன்னு அம்மா திரும்பவும் முடியாம, தோசையத் திருப்பவும் முடியாம நின்னாங்க. அந்த தோசை கருகிருச்சு. அத யாரு சாப்பிட்டாங்கன்னு நான் சொல்லணுமா?

அம்மா ஊருக்குப் போனப்புறம் நெக்லஸ் வித்துப் போச்சு, டெக்சாஸ்ல பிளானோ பக்கம் ஒரு லேடி வாங்கினாங்க. ஞாயித்துக்கிழமை போன்ல அம்மாகிட்டச் சொன்னேன். சந்தோஷப்படுவாங்கன்னு பார்த்தா, அவங்க கவலை வேற.

"ஏங்கண்ணு, அந்தூர்லயும் நம்ம சனம் இருக்குதா?"

"நெறைய இருக்காங்கம்மா."

"அப்ப அந்தப் புள்ளைகிட்டச் சொல்லு, பெட்டியில எழுதி அனுப்பச் சொல்லி. யாராச்சும் ஒரு வியாழக்கிழமை புளியோட வந்துருவாங்க."

நான் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, அத அப்படியே இங்கிலீஷ்ல சொன்னேன். அவங்க சிரிக்கல. கேரேஜுக்குப் போய், நெக்லஸ அனுப்பப் போற வெள்ளப் பெட்டியக் கொண்டு வந்தாங்க. மூடிக்கு உள்பக்கம் ஏற்கனவே ஜப்பானீஸ்லயும் இங்கிலீஷ்லயும் பாலிஷ் பண்ணாதீங்கன்னு எழுதியிருந்துச்சு. கீழ கொஞ்சம் எடம் விட்டிருந்தாங்க. பேனாவ என் கைல குடுத்து, தமிழ்ல, அம்மா-சான் பேசற மாதிரியே எழுதுன்னாங்க.

எழுதினேன். அன்னிலேர்ந்து அவங்க அனுப்பற எல்லாப் பெட்டியிலயும் அத நான்தான் எழுதறேன்.

"இது அழுக்கு இல்ல. தேய்க்காதீங்க கண்ணு."